விலை கூடிய சைக்கிள் செயின்: எதுவரை காசு போடலாம்?

11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம் உள்ள) சைக்கிளுக்குச் செயின் கேட்டால், நல்ல கடையில் ஷிமானோ கம்பெனியிலேயே மூன்று பெட்டிகளை எடுத்து வைப்பார்கள்: ஹெச்ஜி 601, ஹெச்ஜி 701, ஹெச்ஜி 901. முதல் பெட்டிக்கும் மூன்றாவதுக்கும் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசப்படும். மூன்றும் ஒரே கேசட்டில் (பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) ஓடும், ஒரே டெரெய்லருக்கு (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) பொருந்தும். கேஎம்சி, ஸ்ராம் கம்பெனிகள் பக்கம் போனாலும் இதே படிக்கட்டுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் தெரியாத செயினை விட்டு நல்ல கம்பெனியின் அடிப்படைச் செயினுக்கு வருவதற்கு ஆகும் கூடுதல் காசை யோசிக்காமல் கொடுக்கலாம். அங்கிருந்து நடுத்தரத்துக்கு ஏறுவது 9 ஸ்பீடும் அதற்கு மேலும் இருந்தால் நல்ல முடிவு. நடுத்தரத்திலிருந்து உச்சிக்கு ஏறுவது, கேசட் விலை பல ஆயிரங்களில் இருக்கும் 12 ஸ்பீடு சைக்கிள்களைத் தவிர, அநேகமாக வேண்டாத செலவு. அந்தக் காசில் பாதியை எண்ணெய்க்கோ மெழுகுக்கோ போட்டால் செயினும் பல்சக்கரமும் அதைவிட அதிக நாள் உழைக்கும்.

காரணம் புரிய, செயின் எங்கே தேய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு லிங்க்கின் நீளம், அதாவது ஒரு பின்னின் (தகடுகளைக் கோக்கும் சிறு ஆணி) மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை, 12.7 மி.மீ. சிங்கிள் ஸ்பீடோ 12 ஸ்பீடோ, இது மாறாது. பழைய செயின்களில் பின்னைச் சுற்றித் தனியாக ஒரு புஷ் (சிறு குழல்) இருக்கும். இப்போதைய கியர் செயின்களில் அது கிடையாது. உள் தகட்டுத் துளையின் விளிம்பை உள்பக்கமாக எழுப்பி, அதையே புஷ்ஷாகப் பயன்படுத்துகிறார்கள். பல்லில் படும் உருளையான ரோலர் அதன்மேல் சுழல்கிறது. செயின் பல்லில் ஏறி மடங்கும்போதும் இறங்கி நிமிரும்போதும் பின் இந்த விளிம்பில் உரசுகிறது. தேய்மானம் முழுக்க அங்கேதான். தகடு இழுபடுவதில்லை.

செயின் 0.5% நீண்டுவிட்டது என்றால் ஒவ்வொரு லிங்க்கிலும் கூடியிருப்பது 0.06 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். 114 லிங்க்கில் அது 7 மி.மீ. ஆகிவிடும். பின்னால் இருக்கும் டெரெய்லரின் ஸ்பிரிங் அந்த 7 மி.மீட்டரைச் சத்தமில்லாமல் இழுத்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கியர் சைக்கிளில் செயின் தேய்ந்தது ஓட்டுகிறவருக்குத் தெரிவதே இல்லை. அதற்குள் நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்கார்ந்து, பாரத்தையெல்லாம் ஓரிரு பற்கள்மேல் போட்டு, கேசட்டைத் தின்ன ஆரம்பித்திருக்கும்.

காசு எங்கே போகிறது

விலை ஏறும்போது மாறுகிறவற்றில் பெரியது பின்னின் மேற்பரப்புக் கடினம். நல்ல பின்னின் மேற்பரப்பு குரோமியம் ஏற்றிக் கடினமாக்கப்பட்டிருக்கும். பெயர் தெரியாத செயின் சீக்கிரம் போவதற்கு முதல் காரணம் பின் மென்மையாக இருப்பது, இரண்டாவது துளைகளின் அளவு ஒன்றுக்கொன்று சரியாக இல்லாதது. ஸ்ராமின் 12 ஸ்பீடு மலைச் சைக்கிள் வரிசையான ஈகிளில் எக்ஸ் 01, எக்ஸ்எக்ஸ் 1 இரண்டுக்கும் கொடுத்திருக்கும் ஹார்டு குரோம் பூச்சு இந்த இடத்துக்கானது. ஆஸ்திரேலியாவின் ஜீரோ ஃப்ரிக்‌ஷன் சைக்கிளிங் நடத்திய தேய்மானச் சோதனைகளில் இவை முன்வரிசையில் நின்றவை. கூடுதல் காசு நேராகத் தேய்மானத்தைக் குறைக்கிற இடம் என்று நம்பிச் சொல்லக்கூடியது இதுதான்.

அடுத்து வழுக்கும் பூச்சு. ஷிமானோ சில்டெக் என்று சொல்வது டெஃப்லான் வகைப் பூச்சு. விலை ஏற ஏற அது கூடுதல் பாகங்களுக்குப் போகிறது. சத்தம் கொஞ்சம் குறையும், சேறு குறைவாக ஒட்டும். ஆனால் பின்னும் விளிம்பும் உரசுகிற இடத்தில் எந்த மென்மையான பூச்சும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாங்காது. அங்கே கடைசிவரை காப்பாற்றுவது நீங்கள் விடும் எண்ணெய்தான்.

மூன்றாவது, துருத் தடுப்பு. கேஎம்சியில் ஈபிடி என்று போட்ட செயின்கள், ஜெர்மனியின் விப்பர்மன் கம்பெனி கான்னெக்ஸ் என்ற பெயரில் விற்கும் துருப்பிடிக்காத எஃகுச் செயின்கள் எல்லாம் இதற்காக. இது தேய்மானத்தைக் குறைக்காது. ஆனால் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர்களுக்கும் இந்தக் கூடுதல் விலையை நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பூச்சில்லாத செயின் நனைந்தால் ஒரே இரவில் வெளித் தகடு செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். சில நாள் அப்படியே விட்டால் லிங்க்குகள் இறுகிப்போகும்.

நான்காவது எடை. உள்ளே துளையிட்ட பின், நடுவில் வெட்டிய தகடு. மொத்தச் செயினும் 250 கிராம் அளவில் இருக்கும்போது இதில் மிச்சமாவது 10 முதல் 25 கிராம். ஒரு வாய்த் தண்ணீரைக் குறைவாக எடுத்துப்போனால் முடிந்தது. பந்தயத்தில் ஓடாதவர்கள் இதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை. தங்க நிறத்துக்கும் அதே பதில்தான். டைட்டானியம் நைட்ரைடு கடினமான பொருள்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளித் தகட்டின் முகம் தேய்மானம் நடக்கும் இடமல்ல.

கியர் மாற்றத்திலும் வித்தியாசம் உண்டு, ஆனால் அது கீழ்ப்படிகளில்தான் தெரியும். கேஎம்சி இசட் 8-ஐக் கழற்றி எக்ஸ் 8 போட்டால், வெளித் தகட்டின் வடிவம் மாறுவதால் செயின் அடுத்த பல்லில் ஏறுவது சுத்தமாகிறது. 601-க்கும் 901-க்கும் நடுவே அப்படி ஒன்றை உணர முடியாது. கியர் தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா, கேபிள் அழுக்கேறியிருக்கிறதா என்பதை.

கணக்கு

பலர் செயின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு மடங்கு விலை என்றால் இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டும் என்று. அது பாதிக் கணக்கு. மெதுவாகத் தேயும் செயின் கேசட்டையும் மெதுவாகத்தான் தேய்க்கும். எனவே கேசட் விலையின் பங்கையும் சேர்க்க வேண்டும். சரியான நேரத்தில் செயினை மாற்றுகிறவருக்கு ஒரு கேசட் மூன்று செயின் வரை வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். இனி வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கடையின் விலையைப் போட்டுப் பாருங்கள்.

11 ஸ்பீடு: செயின் 2500 ரூபாய், விலை கூடியது 5000, கேசட் 5000. கேசட்டில் மூன்றில் ஒரு பங்கு 1667. அப்படியானால் 4167-க்கு எதிராக 6667. விகிதம் 1.6. அதாவது விலை கூடிய செயின் 60% அதிக தூரம் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். 601-க்கும் 901-க்கும் பின்னின் தரத்தில் அவ்வளவு இடைவெளி இல்லை. 701 வரை ஏறுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தள்ளுபடியில் 901 கிடைத்தால் மட்டும் வாங்கலாம்.

12 ஸ்பீடு மலைச் சைக்கிள்: செயின் 3000, விலை கூடியது 6000, கேசட் 25,000. பங்கு 8333. இப்போது 11,333-க்கு எதிராக 14,333. விகிதம் 1.26 ஆகக் குறைந்துவிட்டது. 26% அதிகம் ஓடினாலே போதும். ஹார்டு குரோம் செயின் அதைத் தாண்டி ஓடும். இந்த ஒரு இடத்தில் விலை உயர்ந்த செயின்தான் சிக்கனமான செயின். கேசட் விலை ஏற ஏற இது இன்னும் உறுதியாகும்.

8 ஸ்பீடில் விகிதம் திரும்பவும் 1.6 அருகே வந்து நிற்கும். கேசட்டே ஆயிரத்துச் சொச்சத்தில் கிடைக்கும்போது இசட் 8, ஹெச்ஜி 40 போன்றவை நாணயமாக உழைக்கும். மேலே ஏற ஆசையிருந்தால் எக்ஸ் 8 அல்லது ஹெச்ஜி 71 வரை. 7 ஸ்பீடு ஃப்ரீவீல் சைக்கிள்களுக்கும் இதே செயின்தான். 9, 10 ஸ்பீடில் எக்ஸ் 9, எக்ஸ் 10, ஹெச்ஜி 93, ஹெச்ஜி 95 ஆகிய நடுத்தரப் படியே நிற்க வேண்டிய இடம்.

கியரே இல்லாத சைக்கிளுக்கு விலை உயர்ந்த செயின் தேவையே இல்லை. அதில் உள் அகலம் 1/8 அங்குலம். பற்கள் தடிமனானவை, செயின் நேர்கோட்டில் ஓடுகிறது, நீண்டால் பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இறுக்கிக்கொள்ளலாம். செயின் கவர் முழுதாக இருந்து மாதம் ஒருமுறை எண்ணெய் கண்டால் வருடக்கணக்கில் ஓடும்.

ஷிமானோ 12 ஸ்பீடு ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒரு விஷயம்: அல்டெக்ரா 8100 என்ற ரோடு கியர் வரிசைக்கு வருவதும் எக்ஸ்டி என்ற மலைச் சைக்கிள் வரிசைக்கு வருவதும் ஒரே எம் 8100 செயின். 105 என்ற ரோடு வரிசைக்கு எம் 7100, டியூரா ஏஸ் வரிசைக்கு எம் 9100. "ரோடு செயின் இல்லை" என்று கடையில் சொன்னால் இந்த எண்ணைக் கேளுங்கள். ஸ்ராமின் 12 ஸ்பீடு ரோடு செயினுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. மேல்விளிம்பு தட்டையான அந்தச் செயினில் ரோலரின் விட்டமே பெரிது. வேறு எதையும் அதில் போட முடியாது.

எப்போது மாற்றுவது

10 ஸ்பீடு வரை 0.75%, 11-லும் 12-லும் 0.5%. இந்த எல்லையைத் தாண்ட விடுகிறவருக்கு எந்த விலைச் செயினும் லாபமில்லை. பார்க் டூல் கம்பெனியின் சிசி 3.2 போன்ற செயின் அளவி மலிவானது, போதுமானது. அது ரோலர்களை எதிரெதிர்த் திசையில் தள்ளி அளப்பதால் ரோலரின் ஆட்டத்தையும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். சிசி 4, ஷிமானோ டிஎல்-சிஎன் 42 இரண்டும் அந்தப் பிழையைத் தவிர்க்கின்றன. ஸ்ராமின் தட்டைச் செயினில் பொதுவான அளவிகள் தப்பாகக் காட்டும்.

அளவி இல்லையென்றால் இரும்பு டேப் போதும். 30 செ.மீ. ஸ்கேலில் 24 லிங்க் அடங்காது, 5 மி.மீ. குறையும்; அதனால் டேப்பே மேல். செயினைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு 78 லிங்க் எண்ணிக்கொள்ளுங்கள். புதிதில் அது 990.6 மி.மீ. 995.6 வந்தால் 0.5%, 998 வந்தால் 0.75%. டேப் முனையின் கொக்கி ஆடும் என்பதால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளக்கத் தொடங்கி, முடிவில் 100 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். ஒரு பின்னின் இடது விளிம்பில் தொடங்கினால் முடிவதும் இடது விளிம்பிலேயே இருக்க வேண்டும்.

1% தாண்டிய பிறகு புதுச் செயின் போட்டால் பெரும்பாலும் சிறிய பற்சக்கரங்களில், அதிகம் ஓட்டிய கியரில், எழுந்து மிதிக்கும்போது செயின் பல்லைத் தாவும். செயின் குறையுள்ளது என்று கடையோடு சண்டை போடுவது வீண். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்கார மறுக்கிறது. கேசட்டையும் மாற்றியாக வேண்டும்.

மாட்டும்போது

பழைய செயினின் நீளத்தை வைத்து வெட்டாதீர்கள், அது நீண்டிருக்கும். லிங்க்கை எண்ணுங்கள். பழைய செயினின் அளவே சரியா என்று சந்தேகமிருந்தால், முன்னால் பெரிய சக்கரத்தையும் பின்னால் பெரிய சக்கரத்தையும் சுற்றி, டெரெய்லருக்குள் விடாமல், இரு முனையும் சந்திக்கும் இடத்தோடு இரண்டு லிங்க் சேர்த்து வெட்டுங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில், அது அமுங்கும்போது செயின் எவ்வளவு கூடுதலாகத் தேவைப்படுகிறதோ அதையும் விட வேண்டும்.

8 ஸ்பீடுச் செயினின் வெளி அகலம் 7 மி.மீட்டருக்குச் சற்று மேல், 11-ல் 5.5 அளவு, 12-ல் 5.3-க்கும் கீழே. தகட்டுக்கு வெளியே பின் நீட்டிக்கொண்டிருக்க இடமே இல்லை. அதனால் 10 ஸ்பீடும் அதற்கு மேலும் உள்ள செயினில் வெளியே தள்ளிய பின்னைத் திரும்ப அடித்து ஏற்றக் கூடாது. துளை அகன்றுவிட்டிருக்கும், ஏற்றத்தில் மிதிக்கும்போது தகடு கழன்று செயின் அறும். தெருமுனைக் கடைகளில் சிங்கிள் ஸ்பீடு பழக்கத்தில் இதைச் செய்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள். க்விக் லிங்க் (பின் அடிக்காமல் இரு முனைகளையும் கோக்கும் இணைப்பு) போட்டால் தொல்லையில்லை. பெட்டிக்குள் க்விக் லிங்க் இருக்கிறதா, இணைப்புப் பின் மட்டுமா என்று வாங்கும்போதே பாருங்கள். 11, 12 ஸ்பீடுக்கான ஷிமானோ க்விக் லிங்க்கும் ஸ்ராம் பவர்லாக்கும் ஒருமுறை மாட்டுவதற்கு மட்டுமே. கேஎம்சியில் திரும்பப் பயன்படுத்தக்கூடிய வகையும் உண்டு, கூடாத வகையும் உண்டு, அட்டையில் எழுதியிருக்கும்.

ஷிமானோவின் 10, 11 ஸ்பீடுச் செயினில் எழுத்து உள்ள பக்கம் வெளியே தெரிய வேண்டும். மாட்டிய பிறகு கிராங்கை (மிதிகட்டை பொருத்திய தண்டு) பின்னோக்கிச் சுற்றுங்கள். டெரெய்லரின் சின்னச் சக்கரங்களைத் தாண்டும்போது ஒரே இடத்தில் துள்ளினால், இணைப்புப் பின்னை அழுத்திய லிங்க் இறுகியிருக்கிறது. இரு கட்டைவிரலையும் லிங்க்கின் இருபுறமும் வைத்துப் பக்கவாட்டில் மெல்ல வளைத்தால் இளகிவிடும்.

எண்ணெய், மெழுகு, போலி

எண்ணெய் விட்டு ஓட்டும் செயின் நல்ல சாலையில் 3000 முதல் 5000 கி.மீ. வரை வரும். மணலும் மழையும் சேர்ந்தால் அதே செயின் 1500-லேயே போய்விடும். நடுத்தரத்துக்கும் உச்சிக்கும் இடையே இருக்கிற வித்தியாசத்தைவிட இது பெரிது. செயின் பளபளவென்று நனைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அதைக் கொல்கிறது. ஈரமான வெளித் தகட்டில் மணல் ஒட்டி, எண்ணெயோடு கலந்து உள்ளே போய் பின்னை அரைக்கிறது. ரோலருக்கு ஒரு துளி வீதம், கீழ்வரிசையின் உள்பக்கத்தில் விட்டு, சுற்றி, இரவு முழுக்க விட்டு, காலையில் துணியால் வெளிப்பக்கத்தைக் காய்ந்ததுபோல ஆகும்வரை துடையுங்கள். இரண்டு சக்கர வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில் இலவசமாகக் கிடைக்கும். வேண்டாம். அதில் இரும்புத் தூள் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

மெழுகு இன்னும் ஒரு படி மேல். சாதாரண பாரஃபின் மெழுகு அரைக் கிலோ பல மாதங்களுக்கு வரும். புதுச் செயினின் தொழிற்சாலை கிரீஸை மினரல் டர்பன்டைனில் குலுக்கிக் குலுக்கி, திரவம் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை மாற்றி எடுத்து, கடைசியில் ஸ்பிரிட்டில் அலசிக் காயவிட வேண்டும். கிரீஸ் மிச்சமிருந்தால் மெழுகு பிடிக்காது, நூறு கிலோமீட்டருக்குள் கீச்சிடும். மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில்தான் உருக்க வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். செயினை உள்ளே விட்டுக் குமிழி வருவது நிற்கும்வரை அசைத்து, மெழுகின் மேல் ஆடை படர ஆரம்பிக்கும்போது எடுத்துத் தொங்கவிடுங்கள். விறைத்த லிங்க்குகளை ஒரு குழாயின்மேல் வளைத்து உடைத்துவிட்டு மாட்டலாம். 300 கி.மீட்டருக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும், மழையில் நனைந்தால் அன்றே. மழைக்காலம் முழுக்க வெளியே நிற்கும் சைக்கிளுக்கு மெழுகு ஒத்துவராது. அதற்கு எண்ணெயும் ஈபிடிச் செயினும். விலை கூடிய ஒரு செயினுக்குப் பதில் நடுத்தரச் செயின் இரண்டை வாங்கி, ஒரே நேரத்தில் மெழுகில் போட்டு மாற்றி மாற்றி ஓட்டுவது என் பார்வையில் அந்தக் காசின் ஆகச் சிறந்த பயன். கேசட் இரண்டோடும் சேர்ந்தே தேயும், புதுச் செயின் தாவும் பிரச்சினை வராது.

துரு நீக்க அமிலம் கலந்த திரவத்தில் செயினை ஊறவைக்கவே கூடாது. கடினமாக்கிய எஃகுத் தகட்டில் மயிரிழை விரிசல் விழுந்து, பார்வைக்குப் புதிதாக இருக்கும்போதே அறுந்துபோகும்.

கடைசியாக, இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் "உச்சி ரக" செயின்கள். ஷிமானோ, கேஎம்சி இரண்டின் பெயரிலும் போலிகள் சந்தையில் உண்டு. அச்சடித்த பெட்டி இல்லாமல் சாதாரண உறையில் வருவது மட்டும் போலிக்கு அடையாளம் அல்ல. சைக்கிள் தொழிற்சாலைகளுக்குப் போகும் செயின்கள் அப்படித்தான் வரும். வெளித் தகட்டின் எழுத்தை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். எல்லா லிங்க்கிலும் ஒரே ஆழத்தில், கூர்மையாக வெட்டியிருக்க வேண்டும். பின்னின் தலைகள் எல்லாம் ஒரே அளவுக்குத் தட்டி விரிக்கப்பட்டிருக்க வேண்டும். தகட்டு ஓரம் சதையைக் கீறினால், சில ரோலர்கள் சுழன்று சில இறுகி நின்றால், திருப்பி அனுப்பிவிடுங்கள். பிறகு ஆணியில் தொங்கவிட்டு 78 லிங்க்கை அளந்து பாருங்கள்: மாட்டாத புதுச் செயின் 990.6-ஐ விட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் அதைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம்.